ஒரு விரற்கடை வெட்டு

– "எங்கம்மா சேலையை வெட்டிட்டீங்களா?"ன்னு நீ கேட்டே. "ஆமா"ன்னு நான் சொன்னேன். அன்னிக்கு நமக்குள்ள நடந்த பேச்சு அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா சித்தி? "இனிமே என்னைத் தொடாதீங்க"ன்னு நான் சொன்னேனே, அதை விட்டுட்டீங்க.

– அது கிடக்கு. எட்டு வயசுப் பிள்ளை சொன்னதையெல்லாம் யாராவது மனசுல வச்சுப்பாங்களா?

– நீங்க வச்சுக்கிட்டீங்க. அன்னியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் உங்க விரல் நுனிகூட என் மேல பட்டதில்ல.

– பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவ, ஒரு வாய் தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடியே இதை ஏன் கிளப்பறே? முதல்ல அந்தப் பையைக் கீழ வை. கை ஓஞ்சு போகும்.

– மடியிலயே இருக்கட்டும்.

– உள்ள என்ன, கைக்குழந்தையா? இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கே.

– காட்டறேன். ஒவ்வொண்ணா காட்டறேன். முதல்ல இது. சிரிக்கக் கூடாது.

– நான் ஏன் சிரிக்கப் போறேன்... அடக் கடவுளே. இது என்னது பொண்ணே?

– சிரிக்கிறீங்க.

– சிரிக்கல. வாயில குண்டூசி வச்சிருக்கேன் பாரு, அதான் உதடு கோணுது.

– எடுத்துட்டுப் பேசுங்க, முழுங்கிடப் போறீங்க. சால்வை அது. உங்களுக்குத்தான். நானே குரோஷாவுல பின்னினது.

– சால்வையா? ஒரு ஓரம் என் ரெண்டு கையை விரிச்ச அகலம், மறு ஓரம் மூக்குக் கண்ணாடி துடைக்கக்கூடக் காணாது போலிருக்கே!

– சதுரமாத்தான் ஆரம்பிச்சேன். போகப் போகத் தானா சுருங்கிடுச்சு.

– தானா எங்க சுருங்கும்? ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிக் கண்ணியை விட்டுட்டே. திரும்பற இடத்துல ஓரமா ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள ஊசியை விட மறந்தா, வரிசைக்கு ஒண்ணு குறைஞ்சுக்கிட்டே வரும். கடைசியில இப்படி முக்கோணம்தான்.

– உங்களுக்கு குரோஷாவும் தெரியுமா? நான் தையல் மட்டும்தான்னு நினைச்சேன்.

– இந்த வீட்டைச் சுத்திப் பாரு. ரேடியோவுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, தண்ணி ஜக்குக்கு ஓரத்துல மணி கோத்த மூடி. எல்லாம் கடையில வாங்கினதுன்னா நினைச்சே?

– நான் எதையும் சரியா பாத்ததில்ல சித்தி. இந்த ரூம் பக்கமே வரமாட்டேனே.

– தெரியும். மெஷின் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவே. இப்ப என்ன திடீர்னு நூலும் ஊசியும்?

– எங்க ஆஸ்பத்திரி லேப்ல வேலை செய்யற ஒரு அக்கா இழுத்துட்டுப் போனாங்க. சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடியில ஒரு ரூம்ல பத்துப் பன்னெண்டு பேர் உக்காந்து பின்னுவாங்க, தைப்பாங்க. ஒரு ரிட்டயர்டு நர்ஸ், பேக்கரிக்கார அம்மா ஒருத்தங்க, ரெண்டு காலேஜ் பொண்ணுங்க, பஸ் ஓட்டற ஒரு அண்ணன்கூட உண்டு. அவர் பின்னற சாக்ஸைப் பாக்கணும் நீங்க!

– ஸ்டீரிங் பிடிக்கிற கையில குரோஷா ஊசியா!

– அவர்தான் எனக்கு முதல் சங்கிலி போடச் சொல்லித் தந்தார். நான் நூலை அந்த இறுக்கு இறுக்கினேன், ஊசி உள்ளயே நுழையல. "தங்கச்சி, நூலை நெரிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப் போகாது"ன்னார்.

– சரியாத்தான் சொல்லியிருக்கார்.

– நாள் முழுக்க அடுத்தவங்க நரம்பைத் தேடித் தேடிக் குத்தற கை சித்தி இது. ஊசியைப் பாத்ததும் குழந்தைங்க வீறிடும், பெரியவங்க முகத்தைத் திருப்பிப்பாங்க. அங்க போய் உக்காந்தா, அதே கையில ஒரு ஊசி, யாருக்கும் வலிக்கல. தப்பு பண்ணினா நுனியைப் பிடிச்சு இழுத்தா போதும், அத்தனையும் பிரிஞ்சு நூல் முழுசா திரும்பி வந்துடும். "இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரு வரிசை"ன்னு அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியாம உக்காந்திருக்கேன்.

– அது எனக்கும் நடக்கும். உங்கப்பா கருகின பால்ல டீ குடிச்சே பாதி ஆயுசைக் கழிச்சுட்டார்.

– ஆனா தையல் பக்கம் மட்டும் போகமாட்டேன்னுட்டேன். குரோஷாவுக்குக் கத்தரிக்கோல் வேண்டாமே. எதையும் வெட்ட வேண்டியதில்லையே.

– ம்.

– "ம்"முன்னா?

– ஒண்ணுமில்ல. அந்த மெஷின் மேல இருக்கற டம்ளரை இப்படிக் குடு. துணி மேல கொட்டிடப் போகுது... பையில அடுத்தது என்ன?

– இந்தத் தொப்பி. இதுவும் நான் போட்டதுதான். மஞ்சள் நல்லா இருக்கா?

– இது பரவாயில்லையே! உச்சியில ஆரம்பிச்சு வட்டமா சுத்திக்கிட்டே வந்திருக்கே. யாருக்கு? ஆறேழு வயசுப் பிள்ளைக்கா?

– எப்படிச் சொல்றீங்க? ஏழு. வேலை செய்யற இடத்துல தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுப் பொண்ணு.

– ஏழு வயசுத் தலைக்கு இது பெருசு. கண்ணு வரைக்கும் இறங்கும். அளந்து போட்டிருக்கலாமே?

– அளக்க விடல. கிட்டப் போனாலே நகந்துடுது. கண்ணளவுல போட்டேன். குடுத்தேன். அந்தப் பொண்ணு அதை எடுத்து அவங்க வீட்டு நாய்க்குட்டிக்குப் போட்டு விட்டுடுச்சு. கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன்.

– நாய்க்குட்டிக்குச் சரியா இருந்துச்சா?

– சித்தி!

– சும்மா கேட்டேன். விடு, அப்படியும் பிள்ளைங்க உண்டு. பிரிச்சுட்டு மறுபடி போடு. மனசை விட்டுடாதே.

– மனசு விட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?

– நானா? டெய்லர் கடையிலேர்ந்து வெட்டுத் துணி வாங்கிட்டு வந்து கால் மிதியடி தைப்பேன். யாரும் நல்லா இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டாங்க. மிதிச்சுட்டுப் போய்டுவாங்க.

– அதான் இந்த வீட்டுல வாசலுக்கு வாசல் மிதியடியா?

– அது கிடக்கு. பையில இன்னும் கனமா ஏதோ இருக்கே.

– இருக்கு. எடுக்கத்தான் கை வரமாட்டேங்குது... இந்தாங்க. தெரியுதா?

– பச்சையில வெள்ளைப் புள்ளி. எனக்குத் தெரியாதா? இதை... நீ தூக்கிப் போடலையா? ஒரு நாள்கூட நீ இந்தப் பாவாடையைப் போட்டுப் பாக்கலையே. எப்பவோ யாருக்கோ குடுத்துட்டேன்னு நினைச்சேன்.

– எங்கம்மா துணி. எப்படிக் குடுப்பேன்? ஹாஸ்டல், அப்புறம் வாடகை ரூம், எங்க போனாலும் பெட்டி அடியில இது வரும். திறந்து பாக்கமாட்டேன், தூக்கியும் போடமாட்டேன். ஒரே ஒரு தடவை கையில எடுத்தப்ப, என்ன கனம்! வெட்டினதும் இல்லாம, சின்னப் பொண்ணு போட முடியாத மாதிரி மூட்டையா தைச்சிருக்காங்க பாருன்னு அதுக்கும் உங்களைத் திட்டினேன்.

– பிரிச்சிருக்கே. பாவாடையாவே இல்லையே இது.

– அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த ரிட்டயர்டு நர்ஸ் அம்மா விடல. "தைக்கப் பழகறதுக்கு முன்னாடி பிரிக்கப் பழகு. பழைய துணி ஏதாவது கொண்டா"ன்னாங்க. சரி, வெட்டினது வெட்டினதுதானே, குஷன் உறையாவது ஆகட்டும்னு இதை எடுத்துட்டுப் போனேன். மேஜை மேல வச்சு, எல்லாருக்கும் கதை சொன்னேன். உங்க கதை.

– என்ன சொன்னே?

– என்ன சொல்வேன்... "எங்கம்மா போனதுக்கப்புறம் அவங்க வாசனையோட இருந்தது இந்த ஒரு சேலைதான். எங்க சித்தி வந்து கத்தரிக்கோலால அதைத் துண்டு துண்டாக்கிட்டாங்க"ன்னு. அத்தனை பேரும் "ச்சு ச்சு"ன்னாங்க. பேக்கரிக்கார அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நெஜமா சொல்றேன் சித்தி, அவங்க அழுதது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இந்தக் கதையை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்! ஸ்கூல் டீச்சர்கிட்ட, ஹாஸ்டல் வார்டன்கிட்ட. ஒவ்வொரு தடவையும் யாராவது என் தலையைத் தடவிக் குடுப்பாங்க.

– சரி, குடுக்கட்டுமே. நல்லதுதானே.

– இருங்க, முடிக்கல. இடுப்புப் பட்டியைத் தனியா எடுத்தேன். உள்ள பெரிய பெரிய கைத்தையல். ஒரே நூல். நுனியைப் பிடிச்சு இழுத்தேன், குரோஷா பிரியற மாதிரி சரசரன்னு மொத்தமும் கழண்டு வந்துடுச்சு. துணி விரிஞ்சுது. முடிஞ்சுதுன்னு பாத்தா, இன்னொரு மடிப்பு. அதுக்குள்ள இன்னொரு மடிப்பு. மேஜையைத் தாண்டிப் போச்சு. அடுத்த மேஜைக்குப் போச்சு. பஸ் ஓட்டற அண்ணன் எழுந்து முனையைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வரைக்கும் போனார். நர்ஸ் அம்மாதான் கேட்டாங்க: "ஏம்மா, துண்டு துண்டாக்கிட்டாங்கன்னு சொன்னே. முந்தானை இதோ முழுசா இருக்கே?" நீங்க வெட்டவே இல்ல.

– உனக்கு உயரத்துக்கு ரெண்டா மடிச்சேன். சுத்தி வர கொசுவம் வச்சேன். இடுப்புப் பட்டி மட்டும் வேற வெள்ளைத் துணி. அதான் கனம். தையல்னா நிக்கிறதுக்குத்தான் தைப்பாங்க. அதை மட்டும் பிரியறதுக்காகத் தைச்சேன். நீ பெரியவளானதும் பிரிச்சுக் கட்டிக்கட்டும்னு.

– அப்ப ஏன் "ஆமா"ன்னீங்க? எட்டு வயசுப் பொண்ணு உங்க முன்னாடி நின்னு, வெட்டிட்டீங்களான்னு கேட்டா, "இல்லம்மா, மடிச்சுத்தான் தைச்சிருக்கேன்"னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை!

– நல்லா விரிச்சுப் பாத்தியா நீ? முந்தானைப் பக்கம், கரை ஓரத்துல?

– பாத்தேன். ஒரு விரக்கடை அளவுக்கு ஏதோ கிழிசல். இழை இழையா ஓட்டி அடைச்சிருக்கு. பச்சைக்குப் பச்சை நூல், புள்ளி வர இடத்துல வெள்ளை நூல். தடவினாத்தான் தெரியுது.

– கிழிசல் இல்ல. வெட்டு. நான் போட்டது.

– இந்த ஒரு விரக்கடையா?

– அதுதான் நான் சொன்ன "ஆமா". நீ வந்து நின்னு கேட்டதும், நீ அதைப் பாத்துட்டேன்னு நினைச்சேன். அவ்வளவு நுணுக்கமா அடைச்சும் பிள்ளை கண்ணுக்குத் தப்பலையேன்னு நினைச்சேன். வெட்டினீங்களான்னு கேட்டா, வெட்டினேன். தைக்கிறவளுக்கு அரை விரல் வெட்டும் வெட்டுதான் பொண்ணே. துணியில கத்தரி பட்டுட்டா பட்டதுதான். நீ மொத்தச் சேலையையும் கேக்கறேன்னு எனக்கு அப்பத் தோணவே இல்ல.

– அப்புறமாவது தோணியிருக்குமே?

– நாலஞ்சு நாள்ல தோணுச்சு. நீ பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு "துண்டு துண்டா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தே. ஓடி வந்து சொல்லலாம்னு ஒரு அடி எடுத்து வச்சேன். அப்புறம் நின்னுட்டேன்.

– ஏன்?

– சொல்ல வந்தா, அந்த ஒரு விரக்கடை ஏன்னும் சொல்லணுமே.

– சொல்லுங்க. இப்ப சொல்லுங்க.

– அது கிடக்கு.

– கிடக்காது. எதைக் கேட்டாலும் "அது கிடக்கு, அது கிடக்கு"ன்னு எங்கதான் கொண்டுபோய்ப் போடுவீங்க எல்லாத்தையும்?

– இரு, உங்கப்பா வரார் பாரு.

– என்ன, டீ ஆறிப் போகுது, ஒருத்தியும் எழுந்து வரக் காணோம்! சரி, கையோட கொண்டு வந்துட்டேன். அதாவது என்னன்னா, சக்கரை கொஞ்சம் தூக்கல். யாரும் குறை சொல்லக் கூடாது. ஏம்மா, இதென்ன ஒரு பக்கம் எலி கடிச்ச போர்வை?

– சால்வைப்பா. நான் போட்டது.

– அப்படியா! அதாவது என்னன்னா, ரொம்ப அழகு. கழுத்துல சுத்தினா தெரியாது. இந்த வீட்டுல ரேடியோ, மிக்ஸி, கேஸ் சிலிண்டர் எல்லாத்துக்கும் சட்டை போட்டாச்சு. நான் ஒருத்தன்தான் பழைய பனியனோட திரியறேன்.

– உங்களுக்குத் தைக்கணும்னா டேப்பை ரெண்டா ஒட்டுப் போடணும்ப்பா.

– பாரு, ஊசி குத்தறவ பேச்சுலயும் குத்தறா. தட்டை எங்க வைக்கட்டும்? இந்தத் துணி மேலயா... இது... இது அவ சேலை இல்ல?

– ஆமாப்பா. வெட்டல. முழுசா இருக்கு.

– முழுசாவா?

– உங்களுக்கும் தெரியாதா?

– எனக்கு... அதாவது என்னன்னா, அந்த பீரோவைக் காலி பண்ணுன்னு இவகிட்ட சொன்னவனே நான்தான். என்னால பாக்க முடியல, அதான் சொன்னேன். அப்புறம் நீ அழுதே. இவளைத் திட்டினே. நான் பேப்பரை விரிச்சு முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும், இல்ல?

– விடுங்க. டீயை வச்சுட்டுப் போங்க.

– நான் போய்ப் பால் வாங்கிட்டு வரேன்.

– பால் இருக்கு.

– இன்னொரு பாக்கெட் வாங்கிட்டு வரேன்.

– ...போய்ட்டார். செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போறார் பாருங்க.

– அவர் அப்படித்தான். கண்ணு கலங்கினா பால் வாங்கப் போய்டுவார். இந்த வீட்டுல பால் தீர்ந்ததே இல்ல.

– அப்பா சொன்னதாலதான் வெட்டப் போனீங்களா?

– இல்ல. அவர் மேல போடமாட்டேன். மத்ததையெல்லாம் மடிச்சு வேண்டியவங்களுக்குக் குடுத்தாச்சு. இதை மட்டும் நீ விடல. படுக்கும்போது கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுப்பே. நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப் போகுது. தலை பின்னி விடறேன், சோறு போடறேன், நீ என்னை நிமிர்ந்துகூடப் பாக்கமாட்டே. அந்தத் துணிகிட்ட மட்டும் மூஞ்சியை வச்சுக்கிட்டுக் குசுகுசுன்னு பேசுவே. எனக்குப் பொறாமை. ஒரு சேலை மேல பொறாமை! சிரிப்பா இல்ல?

– இல்ல.

– "பாவாடை தைச்சுக் குடுக்கறேன், ஸ்கூலுக்கே போட்டுட்டுப் போகலாம், அம்மா கூடவே வருவாங்க"ன்னு மனசுக்குள்ள நல்லபடியா ஒரு பேச்சு. கை என்னவோ வேற எதுக்கோ அவசரப்பட்டுச்சு. நீலப் பென்சில்ல கோடு போட்டேன்.

– அந்தக் கோடும் இருக்கு. லேசா.

– இருக்கும். கத்தரியை வச்சு ஒரு தடவை அழுத்தினேன். மடிப்புக்குள்ளேர்ந்து ஒரு முடி விழுந்துச்சு. நீளமா, சுருட்டையா. என்னோடது இல்ல. உன்னோடது அவ்வளவு நீளம் இல்ல.

– அம்மாவோடது.

– அந்தக் கையை அப்புறம் என்னால நகத்தவே முடியல. இந்த ஜன்னலோரம்தான் உக்காந்திருந்தேன். ஒரு விரக்கடையோட நின்னு போச்சு. அதுக்கப்புறம்தான் மடிக்க ஆரம்பிச்சேன்.

– அந்த முடியை என்ன பண்ணினீங்க?

– தூக்கிப் போட மனசு வருமா? சின்னதா சுத்தி, உள்ளயே வச்சுத் தைச்சுட்டேன்.

– ஐயோ... அத்தனை பேர் முன்னாடி விரிச்சேனே சித்தி! விழுந்திருக்கும். நூலகத்துத் தரையில... பெருக்கித் தள்ளியிருப்பாங்களே!

– பதறாதே. இடுப்புப் பட்டியைப் பிரிச்சியா?

– இல்ல. அது அப்படியே பையில இருக்கு. வெறும் வெள்ளைத் துணிதானேன்னு...

– அதுக்குள்ளதான். இடது பக்கம், நாடா நுழையற இடத்துக்குப் பக்கத்துல. தடவிப் பாரு, சின்ன மிளகு மாதிரி தட்டுப்படும். பிரிக்காதே. அப்படியே வச்சுக்கோ.

– ...இருக்கு.

– மூக்கைத் துடை. அந்தச் சால்வையிலயே துடை, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

– நான் உங்களுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் பண்ணியிருக்கேன்!

– நீ எட்டு வயசு. நான் பெரியவ. வாயைத் திறந்திருக்க வேண்டியது நான். ரெண்டு பேரும் பங்கு பிரிச்சுக்கலாம், எனக்குக் கொஞ்சம் கூடப் போடு.

– யூனிஃபார்ம்லாம் எப்படித் தைச்சீங்க? நான் அளவெடுக்க விட்டதே இல்லையே.

– கொடியில காயற சட்டையை வச்சு அளப்பேன். அது ஏற்கெனவே உனக்குப் பத்தாத சட்டை. அதான் எப்பவும் தோள் பிடிக்கும். நீ முறைப்பே. அடுத்த தடவை உள்ள ரெண்டு விரக்கடை கூட விடுவேன். உயரத்துக்கு ஃப்ரிட்ஜ்தான் கணக்கு. கதவுப் பிடி வரைக்கும் உன் தோள் வந்தா இவ்வளவு, அதைத் தாண்டினா இவ்வளவுன்னு. நீ தண்ணி எடுக்க வருவே, நான் காய் நறுக்கற மாதிரி பாத்துப்பேன்.

– காய் நறுக்கற மாதிரியா!

– ரெண்டு மூணு தடவை விரலை நறுக்கிக்கிட்டேன். ஒரே ஒரு தடவை மட்டும் தப்பு பண்ணிட்டேன். உனக்குக் காய்ச்சல், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறே. நெத்தியைத் தொட்டுப் பாக்கத்தான் வந்தேன். அப்படியே தோளை ஒரு சாண் போட்டுப் பாத்துட்டேன். ஒரு சாண், நாலு விரக்கடை. அந்த வருஷத்துச் சட்டைதான் உனக்குச் சரியா இருந்துச்சு. சொல்லாம தொட்டுட்டமேன்னு எனக்கு ரொம்ப நாள் உறுத்தல்.

– காலர்ல பூப்போட்ட சட்டை. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொன்னதில்ல.

– தெரியும். கிழியற வரைக்கும் போட்டே.

– சித்தி... நான் லீவு போட்டுட்டு இன்னிக்கு ஏன் வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே.

– கேட்டா ஓடிடுவே. இத்தனை வருஷம் கழிச்சு இந்த ரூமுக்குள்ள உக்காந்திருக்கே, அதைக் கெடுத்துப்பேனா?

– எங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவர் ஒருத்தர் இருக்கார். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்கார். கேட்டு ரொம்ப நாளாச்சு.

– ஆளைப் பிடிச்சிருக்கா?

– பிடிச்சிருக்கு. அதிகம் பேசமாட்டார். நான் பின்னும்போது நூல்கண்டு உருண்டு ஓடினா எடுத்து வந்து தருவார்.

– எலும்பை மட்டும் பாக்கற மனுஷன், உன் முகத்தை நிமிர்ந்து பாத்தாரே, அதுவே பெருசு. உங்கப்பா பால் வாங்கிட்டு வரட்டும், நான் பேசறேன். முதல்ல ஜாக்கெட் தைக்கணும். உன் அளவு ஜாக்கெட் ஒண்ணு எடு, பாப்போம்.

– கொண்டு வரல.

– பழசுகூட இல்லையா? அப்புறம் எதை வச்சுத் தைக்கிறது?

– அளவு ஜாக்கெட் கொண்டு வரல சித்தி. நானே வந்திருக்கேன். டேப் உங்க கழுத்துலதான் தொங்குது.

– தெரியுது. தெரியுது, இரு. கையைத் துடைச்சுக்கறேன். எழுந்து நில்லு. ஜன்னல் பக்கம் திரும்பு... தொடட்டுமா?

– தொடுங்க.

– மூச்சை இழுத்துப் பிடிக்காதே. சாதாரணமா விடு. தோள்... எலும்பும் தோலுமா இருக்கே. நான் கண்ணளவுல ஒரு சுத்து கூடத்தான் நினைச்சு வச்சிருந்தேன். கையைத் தூக்கு. ம். போதும், இறக்கு. ஏன் அழறே இப்ப? நல்ல சேதி சொல்லிட்டு யாராவது அழுவாங்களா?

– கேக்க வந்ததை நான் இன்னும் கேக்கல.

– அப்ப நீ கேக்க வந்தது கல்யாணத்தைப் பத்தி இல்லையா?

– அதை அப்பாகிட்ட நானே கேட்டுக்குவேன். இது உங்ககிட்ட மட்டும்தான் கேக்க முடியும். ஒரு வருஷமா போனை எடுப்பேன், வச்சுடுவேன். எந்த வாயால கேக்கறதுன்னு தெரியல.

– எந்த வாயால வேணாலும் கேளு. இன்னும் இடுப்பளவு எடுக்கல, அசையாம நின்னுக்கிட்டே கேளு.

– அந்த மஞ்சள் தொப்பி அவரோட பொண்ணுக்குத்தான் போட்டேன். அவளுக்கு அம்மா இல்ல சித்தி. போன வாரம் தலை வாரி விடலாமான்னு கேட்டேன். "என்னைத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு, அவங்கம்மாவோட ஸ்வெட்டரை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போய்ட்டா. அந்த ஸ்வெட்டர் மேல எனக்குப் பொறாமையா இருந்துச்சு... தொடவே விடாத பொண்ணுக்கு எப்படி அளவெடுக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க சித்தி.